துளையைத் தாண்டிய குண்டு

அன்புள்ள பாய்,

"குண்டு வெளிய போச்சா வாத்யாரே?" என்று ஒரு காலையில் நீங்கள் என்னைக் கேட்டீர்கள். "போயிடுச்சு பாய்" என்றேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். தவறாகச் சொன்னவையும் உண்டு. மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லித் திருத்திக்கொள்வேன். உங்களுக்குச் சொன்ன பதிலைத் திருத்த எனக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

போன வாரம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். பஸ் நிறுத்தத்தை ஒட்டி லாரி பேட்டரி பழுதுபார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. உள்ளே ஒருவர் இரும்புக் கரண்டியில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். உருகிய ஈயத்தில் ஒரு துண்டு மெழுகைப் போட்டார். அழுக்கு மேலே திரண்டது. புகை சாலைவரை வந்தது. உங்கள் கடையின் அதே வாசனை. நான் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன். என் பஸ் வந்து, நின்று, போயிற்று. கண்டக்டர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. அன்று ஏரிக்கரையில் காது அடைத்துக்கொண்டதே, அதே அடைப்பு. நாற்பது வருடத்துக்கு முந்தைய அதிர்ச்சி உடம்பில் எந்த மூலையில் இத்தனை நாள் ஒளிந்திருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் போன ஆண்டே போய்விட்டீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். கும்மிடிப்பூண்டியில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்து, இன்னும் நிரந்தரம் ஆகாத சமயம். பஜாரில் உங்கள் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் குடியிருந்தேன். பழவேற்காட்டில் உங்கள் குடும்பம் வலைக்கயிறும் தக்கையும் விற்றது; நீங்கள் இங்கே தனியாக, வலையின் அடியில் கட்டும் ஈயத்தை ஊற்றி விற்றீர்கள். காலையில் கதவைத் திறந்தால் மெழுகுப் புகை வரும். "வாத்யாரே, நாஷ்டா ஆச்சா?" என்ற குரல் அதற்குப் பின்னால் வரும். நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை நீங்கள் எனக்கு நீங்கள்தான்.

ரெட்டியார் வந்த நாள் உங்களுக்கும் மறந்திருக்காது. ஊத்துக்கோட்டைப் பக்கம் வேர்க்கடலை போடுகிறவர். நம்மைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒரு கோணிப்பையை அவிழ்த்து நீண்ட துப்பாக்கி ஒன்றை எடுத்துக் கடைப் பலகையில் வைத்தார். உலகச் சண்டைக் காலத்தில் இங்கே இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாம். லைசென்ஸும் வாங்கியிருந்தார். நாட்டுத் துப்பாக்கி மாதிரி ஒவ்வொரு தடவையும் வெடிமருந்தும் குண்டும் திணித்துக் கெட்டிக்க வேண்டாம். ஒரு தோட்டா வெடித்ததும், அந்த வெடிப்பின் வாயுவே, தோட்டாவின் பின்புறத்தை அடைத்து நிற்கும் இரும்புத் துண்டான போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பழைய பித்தளைக் கூட்டை வெளியே எறிந்துவிடும். புதுத் தோட்டா தானே ஏறிக்கொள்ளும். விசையை மறுபடி அழுத்துவது ஒன்றுதான் நம் வேலை. காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து கடலையைத் தோண்டுகிற இடத்தில் அது பெரிய உதவி. ஆனால் அதற்கான தோட்டா தீர்ந்துவிட்டது. பட்டணத்துக் கடைகளில் அந்த ஜாதித் தோட்டா வருவதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வெடித்த கூடுகளை மட்டும் ஒரு பால்பவுடர் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார்.

வெடிக்காத தோட்டா ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதன் முனையில் செம்பு உறை போட்ட குண்டைக் காட்டி, "இந்த மாதிரி ஈயத்துல ஊத்தித் தர முடியுமா பாய்?" என்றார்.

நீங்கள் அதை விரலில் உருட்டிப் பார்த்தீர்கள். "வலைக்கு ஊத்தறவன் கையில இத்தக் குடுக்கிறீங்களே ரெட்டியாரே. மீனு கோவிச்சுக்கப் போவுது."

"மீனு கோவிச்சுக்கட்டும், பன்னி போனா போதும். ஆனா பாய், பன்னி மேல படப் போற குண்டு. நீ ஊத்தலாமா?"

"ஊத்தறது என் வேல, துன்றது உங்க வேல. நடுவுல எனக்கு இன்னா பாவம்?"

ரெட்டியார் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் பார்த்தது அந்தச் சில வாரங்கள் மட்டும்தான்.

துப்பாக்கியோடு ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. "இன்னாவோ எழுதிக்கீது, படம்கூடப் போட்டுக்கீது" என்று நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னறையில் நோட்டு திருத்திக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டீர்கள். நான் இந்தக் கதைக்குள் நுழைந்தது அப்படித்தான். துப்பாக்கியைக் கையால் தொட்டதே இல்லை; ஆனால் புத்தகத்தை ஒரே இரவில் படித்து முடித்தேன். மறுநாள் சைக்கிள் பம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து உங்கள் இருவருக்கும் பாடம் நடத்தினேன். குழலின் நடுப்பக்கத்தில், அடியில், ஊசித்துளை போல ஒரு துளை. குண்டு அந்தத் துளையைத் தாண்டியதும் பின்னால் வரும் வாயு துளை வழியே கீழே பாயும். அங்கே பம்பின் தண்டு மாதிரி ஒரு பிஸ்டன். வாயு அதை உதைக்க, அது போல்ட்டை உதைக்கும். "இப்ப பம்பு வாயை மூடிக்கினு தண்டை அழுத்துங்க ரெட்டியாரே. கை திரும்பத் தள்ளுதா? அதேதான்."

"ஏமய்யா, இத்த எனக்கு அந்த வெள்ளக்காரன்கூடச் சொல்லல" என்றார் ரெட்டியார்.

"புரியுதா பாய்?" என்று உங்களைக் கேட்டேன். தலையை ஆட்டினீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இளவயது வாத்தியாருக்குத் தலையாட்டும் மாணவனைவிட வேறென்ன வேண்டும்.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தது. தோட்டா செய்யவும் லைசென்ஸ் வேண்டும் என்று நம் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நீங்கள் களிமண்ணிலும் பிறகு பித்தளையிலும் அச்சு செய்து குண்டு ஊற்றினீர்கள். ரெட்டியார் தன் வீட்டில் கூடுகளில் மருந்து அடைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவருடைய நிலத்துக்குப் பக்கத்தில், நீர் வற்றிய ஏரியின் கரையைக் குறியாக வைத்துச் சுட்டுப் பார்த்தோம்.

ஈயக் குண்டு அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவரவில்லை என்பது முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது. ஈயம் மெத்தென்று இருக்கும். மருந்து அதிகமானால் குழலின் உள்ளே உரசி ஒட்டிக்கொள்ளும் என்று ரெட்டியார் மருந்தைக் குறைத்தார். மருந்து குறைந்ததும் வாயுவுக்குப் பலம் போயிற்று. போல்ட் பாதி வந்து நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் அவர் கையால் இழுத்துக் கூட்டைத் தள்ளினார். "இதுக்கு என் நாட்டுத் துப்பாக்கியே தேவலாம்" என்று அலுத்துக்கொண்டார். இரண்டாம் ஞாயிறு நீங்கள் துப்பாக்கியைப் பிரித்து, அந்த ஊசித்துளையில் ஈயப் பிசிறும் குண்டில் பூசிய மெழுகும் அடைத்திருப்பதைக் காட்டினீர்கள். வலை தைக்கும் ஊசியால் அதைச் சுரண்டி எடுத்தீர்கள். பிறகு திருவள்ளூரில் ஓர் அச்சகத்திலிருந்து தேய்ந்த அச்செழுத்துகளை வாங்கி வந்து ஈயத்தில் கலந்தீர்கள். அந்த எழுத்து ஈயம் கெட்டியானது. நகத்தால் கீறிப் பார்த்து, "இப்ப சரியா வரும்" என்றீர்கள். உங்கள் கைக்குத் தெரிந்த ஈயம் என் புத்தகத்துக்குத் தெரியாது.

மூன்றாம் ஞாயிறு. காலை எட்டு மணி இருக்கும். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ரெட்டியார் வரப்பின் மேல் மண்டியிட்டு உட்கார்ந்து சுட்டார். நான் அவருக்கு வலப்பக்கம், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, போல்ட்டையே பார்த்தபடி நின்றேன். நீங்கள் நாலடி பின்னால் நின்று கரையைப் பார்த்தீர்கள். குண்டு கரையில் படும்போது செம்மண் தூசி எழும். "பட்டுச்சி" என்பீர்கள். ரெட்டியார் அடுத்ததைச் சுடுவார். எட்டு குண்டு அப்படிப் போயிற்று. ஐந்து முறை போல்ட் தானாகவே முழுதும் வந்து திரும்பியது. ரெட்டியாருக்கு வாயெல்லாம் பல்.

ஒன்பதாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஈரத் துணியை உதறியதுபோல, சப்பென்று. போல்ட் பாதி வந்து நின்றது. கூடு வெளியே விழாமல் சிக்கிக்கொண்டிருந்தது. ரெட்டியார் வழக்கம்போல அதை இழுத்துத் தள்ளிவிட்டு, புதுத் தோட்டாவை ஏற்றினார். அப்போதுதான் நீங்கள் கை தூக்கி, "இருங்க ரெட்டியாரே" என்றீர்கள். என் பக்கம் திரும்பி, "குண்டு வெளிய போச்சா வாத்யாரே?" என்று கேட்டீர்கள்.

எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. வகுப்பில் ஒரு பையன் நல்ல கேள்வி கேட்டால் வரும் அதே மகிழ்ச்சி. புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னேன்: "போல்ட் அசைஞ்சுது இல்லியா? அசையணும்னா வாயு பிஸ்டனை உதைச்சிருக்கணும். உதைக்கணும்னா துளைக்கு வாயு வந்திருக்கணும். துளைக்கு வாயு வரணும்னா குண்டு துளையைத் தாண்டியிருக்கணும். ரயிலு ஸ்டேஷனைத் தாண்டினா தானே பின்னாடி கேட்டைத் தெறக்கறான்? கேட்டு தெறந்துடுச்சு, ரயிலு போயிடுச்சு. போயிடுச்சு பாய். புரியுதா?"

நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"வாத்யாரு சொல்ட்டாரு" என்றார் ரெட்டியார். துப்பாக்கியைத் தோளில் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு இன்றும் வரவில்லை. வெடிச் சத்தம் கேட்டதாகவே நினைவில்லை. வெளிச்சமும் நினைவில்லை. என் கையில் புத்தகம் இல்லை. காதுக்குள் ஒரே ரீங்காரம். ரெட்டியார் வரப்பில் உட்கார்ந்திருந்தார், களைத்துப்போய் உட்கார்ந்தவரைப் போல. துப்பாக்கிக் குழல் நடுவில் பூசணிப்பூ மாதிரி விரிந்து கிடந்தது. மரக்கட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. வலது கண் இருந்த இடத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, மிகச் சாதாரணமான குரலில், "பன்னி ஓடிடுச்சா?" என்று கேட்டார். அங்கே பன்றியே வரவில்லை, பாய். காலை எட்டு மணிக்கு வெட்டவெளியில் எந்தப் பன்றி வரும். ரத்தத்தைவிட அந்தக் கேள்விதான் என்னை அசையவிடாமல் ஆணியடித்து நிறுத்தியது.

நீங்கள்தான் ஓடினீர்கள். தோள் துண்டைக் கிழித்துக் கையைக் கட்டினீர்கள். லுங்கி முனையைக் கிழித்துக் கண்ணை மூடினீர்கள். "வாத்யாரே, வண்டி" என்று என்னை உலுக்கினீர்கள். மாட்டு வண்டியில் ஊத்துக்கோட்டை சாலைவரை. அங்கிருந்து கடலை மூட்டை ஏற்றிய லாரியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி. ரெட்டியாரின் தம்பி லாரியில் ஏறிக்கொண்டு, உங்களை மட்டும் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "மீன் வலை ஈயத்த வெச்சி எங்க அண்ணனைக் கொல்லப் பாத்தியா?" என்றார். நானும் உங்களோடு இறங்கிக்கொண்டேன்.

நாம் திரும்ப ஏரிக்கரைக்குப் போனோம். நீங்கள் குழலைக் கையில் எடுத்து, விரிந்த இடத்தில் உள்ளே பார்த்தீர்கள். ஒன்றின் முதுகில் ஒன்றாக இரண்டு குண்டுகள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. அடியில் இருந்த ஊசித்துளையை நகத்தால் காட்டினீர்கள். பிறகு குழல் வெடித்த இடத்தைக் காட்டினீர்கள். அது துளையைத் தாண்டி, குழல் வாய்ப் பக்கமாக நாலு விரல் தள்ளி இருந்தது. அவ்வளவுதான் காட்டினீர்கள்.

பொன்னேரியைத் தாண்டிய ரயில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்கிறேன். நடுவில் கவரைப்பேட்டை இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பையன் இந்தத் தவறைச் செய்தால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருப்பேன். குண்டு துளையைத் தாண்டியது உண்மை. குழலின் வாயைத் தாண்டவில்லை. அந்த ஒன்பதாவது கூட்டில் மருந்து குறைவாக விழுந்திருக்க வேண்டும். துளையைத் தாண்டியதோடு அதற்கு மூச்சு நின்றுவிட்டது. உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல், விரிந்த அந்த இரும்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் ஏட்டு வந்தார். "குண்டு ஊத்தினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றீர்கள்.

"வாத்யாரே, நீங்க எதுக்கு இங்க?"

"புஸ்தகம் படிச்சுக் காட்ட வந்தேன்" என்றேன். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்று பல காலம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

உங்களைக் கொண்டுபோனார்கள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்தது குற்றம். ரெட்டியார் பிழைப்பாரா என்று தெரியாது. பிழைத்து, அவர் என்ன சொல்கிறாரோ அதைப் பொறுத்து உங்களுக்குச் சிறை. என் வேலை அந்த மாதக் கடைசியில் நிரந்தரம் ஆக வேண்டும். இரண்டாம் நாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கையில் இட்லிப் பொட்டலத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் ஏட்டு, "இன்னா வாத்யாரே, நாஷ்டாவா? எங்களுக்கு இல்லியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த வாயால் அதற்குமேல் எதையும் சொல்ல முடியவில்லை. கம்பிக்குப் பின்னாலிருந்து நீங்கள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "பரீச்ச வருதே, பசங்க படிக்கிறாங்களா?" என்று கேட்டீர்கள்.

ஒன்பது நாள் கழித்து ரெட்டியார் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வாக்குமூலம் கொடுத்தார். "அத்தினியும் பழைய தோட்டா. நானே அடைச்சேன். பாய் சும்மா பாக்க வந்தாரு." அதோடு உங்களை விட்டுவிட்டார்கள். அவருடைய லைசென்ஸ் போயிற்று. கண்ணும் போயிற்று. என் வேலை நிரந்தரம் ஆயிற்று. நீங்கள் அச்சுகளை எடைக்குப் போட்டுவிட்டு, கடையைக் காலி செய்துகொண்டு பழவேற்காட்டுக்கே போய்க் கருவாட்டு வியாபாரத்தில் இறங்கினீர்கள். ஈயம் காய்ச்சும் சட்டியை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் கிணற்றில் போட்டீர்களாம். பக்கத்துக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

ரெட்டியார் உங்களைக் காப்பாற்றிவிட்டார். ஆகவே உங்கள் இருவருக்கும் நடுவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் வைத்துக்கொண்டேன். பாருங்கள், மறுபடியும் அதே வேலை. ஒன்று தாண்டிவிட்டது, ஆகவே எல்லாம் தாண்டிவிட்டது.

அப்படியே ஏறக்குறைய இருபது வருடம் ஓடிற்று. நான் மாற்றலாகித் திருவள்ளூர், திருவாலங்காடு என்று சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். பொன்னேரி ரயில் நிலையத்தில் உங்களைச் சந்தித்தேன். தாடி நரைத்திருந்தது. பையிலிருந்து கல்யாணப் பத்திரிகை எடுத்துக் கொடுத்தீர்கள். உங்கள் மூத்த பெண்ணுக்கு நிக்காஹ். பிறகு இன்னொன்றை எடுத்துத் தயங்கினீர்கள்.

"வாத்யாரே, இது ரெட்டியாருக்கு. நீங்க போய்க் குடுக்கணும். நான் போனா வாங்க மாட்டாரு."

"ஏன் பாய்?"

"உங்களுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரில இருந்து வந்ததுலருந்து அவரு என்னாண்ட பேசறதில்ல. வருசா வருசம் ரம்ஜானுக்குப் போய் நின்னுப் பாத்துட்டேன். முகத்தத் திருப்பிக்குவாரு. ஜெயிலுக்கு அனுப்பல, ஆனா மனசுல என் ஈயம்தான் அவரு கண்ணப் புடுங்கிடுச்சி."

தண்டவாளத்தின் மேல் வெயில் அடித்தது. என் வாயிலிருந்து அது அப்படியே விழுந்தது. "உங்க ஈயம் இல்ல பாய். நான் போயிடுச்சுன்னு சொன்னது. குண்டு குழல்லயே நின்னுக்கினு இருந்துச்சி, நான் போயிடுச்சுன்னு சொன்னேன்."

நீங்கள் அதிரவில்லை. "தெரியும் வாத்யாரே" என்றீர்கள்.

"குழலைப் பார்த்தப்பவே தெரியும், இல்லியா?"

"அதுக்கும் முன்ன. நான் கரையப் பாத்துக்கினு தான நின்னேன்? எட்டு தபா தூசி எழும்பிச்சி. அந்த தபா எழும்பல."

தூசி எழவில்லை என்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டுத்தான் என்னைக் கேட்டிருக்கிறீர்கள்.

"அப்புறம் ஏன் பாய் தலைய ஆட்டினீங்க?"

நீங்கள் யோசித்துத்தான் பதில் சொன்னீர்கள். "பம்புன்னீங்க, பிஸ்டன்னீங்க, ரயிலு கேட்டுன்னீங்க. கேக்க ரொம்ப நல்லா இருந்துச்சி வாத்யாரே. நான் பாத்தது வெறும் தூசி. நீங்க சொன்னது புஸ்தகம். என் கண்ணுதான் தப்பாப் பாத்துடுச்சின்னு நெனச்சேன்."

ஏரிக்கரையில் வெடித்ததுகூட என்னை இப்படி அறையவில்லை. தவறாகச் சொல்லிவிட்டேன் என்று இருபது வருடம் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறேன். நன்றாகச் சொன்னதுதான் ரெட்டியாரின் கண்ணைப் பறித்தது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நான் தட்டுத் தடுமாறிச் சொல்லியிருந்தால், "இல்ல வாத்யாரே, தூசி வரலியே" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

மறுநாளே பத்திரிகையோடு ரெட்டியார் வீட்டுக்குப் போனேன். களத்தில் கடலை காயப் போட்டிருந்தார். மூன்று விரல் கையால் சருகைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: உங்கள் கேள்வியை, என் பதிலை, ஏட்டிடம் நான் சொன்னதை. அவர் நிமிரவே இல்லை. குனிந்தபடியே பேசினார்.

"வலை ஈயம், வலை ஈயம்னு ஊட்ல அத்தினி பேரும் சொன்னாங்க. நானும் அதையே புடிச்சிக்கினேன். வாசல்ல வந்து நிப்பான் அந்த மனுசன். ஒரு வாய் தண்ணி குடுத்ததில்ல நானு." அப்புறம் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். "உனக்கு வாய் இருந்துச்சே நைனா. அன்னிக்கு அவ்ளோ பேசினியே." பத்திரிகையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "நீ போ."

நிக்காஹ் அன்று அவர் வந்தார். முதல் பஸ்ஸில் வந்து, பந்தலுக்கு வெளியே சும்மா நின்றார். நீங்கள் பார்த்துவிட்டு ஓடிப்போய் அவருடைய மூன்று விரல் கையைப் பிடித்தீர்கள். அவர் உங்கள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே தட்டில் பிரியாணி சாப்பிட்டீர்கள். "பயப்படாதீங்க ரெட்டியாரே, ஆட்டுக்கறிதான். உங்க கடலையத் தோண்டின ஆளு இல்ல" என்று நீங்கள் சொன்னதும் அவர் இருமும்வரை சிரித்தார். என்னைத் தாண்டிப் போகும்போது மட்டும் அவர் முகம் மாறிற்று. சாகும்வரை அவர் என்னோடு பேசவில்லை. அது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். "அவரு பேசலன்னா இன்னா, நான் பேசறேன்ல" என்றீர்கள் நீங்கள். போன ஆண்டுவரை பேசிக்கொண்டும் இருந்தீர்கள்.

பொன்னேரி ரயில் நிலையத்தில் உங்களைச் சந்தித்த பிறகு இன்னும் பதினைந்து வருடம் பாடம் நடத்தினேன். உதாரணங்களை விட முடியவில்லை. அது என் பிறவிக் குணம். ஆனால் "புரிகிறதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். நாற்பது தலைகள் ஒன்றாக ஆடினால் பாடத்தை நிறுத்திவிட்டு, ஆடாத ஒரு தலையைத் தேடுவேன். கிடைக்காவிட்டால் ஆடிய தலைகளில் ஒன்றை எழுப்பி, நான் சொன்னதை மறந்துவிட்டு அவன் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லச் சொல்வேன். பையன்கள் விழிப்பார்கள். சில நாள் ஒருவன் சொல்வான், நான் கவனிக்காத ஏதோ ஒன்றை. அந்தச் சில நாட்களில்தான் நான் வாத்தியார் வேலை பார்த்தேன் என்று தோன்றுகிறது.

இந்த மடலை நீங்கள் படிக்கப் போவதில்லை, பாய். வேறு யாராவது படிப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன்: நாளைக்கு யாருக்காவது எதையாவது விளக்கி முடித்ததும், "நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்று அவரைக் கேளுங்கள், அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.